பாடசாலை முற்றத்துக்குச் சிற்பம்: கருங்கல்லா, வெண்கலமா, சீமெந்தா?

கொழும்பில் ஒரு பாடசாலைச் சிலை எப்படிப் பழுதாகிறது என்று கிட்ட நின்று பாருங்கள். முதலில் கணுக்காலிலோ மணிக்கட்டிலோ மயிரிழை போல ஒரு வெடிப்பு தெரியும். அடுத்த மழைக்கு அதிலிருந்து தேயிலைச் சாயம் போல ஒரு பழுப்புக் கோடு இறங்கும். பரிசளிப்பு விழாவுக்கு முதல் நாள் யாராவது வெள்ளை எனாமல் பெயின்ற் அடிப்பார்கள், கோடு மறைந்துவிடும். இரண்டொரு வருடத்தில் ஒரு விரல் கழன்று விழும். விழுந்த துண்டைத் திருப்பினால் உள்ளே 6 மில்லிமீற்றர் கம்பி ஏடு ஏடாக உரிந்து, ஊதி, கையால் பிய்க்கக்கூடிய நிலையில் இருக்கும். இரும்பு கறளாக மாறும்போது முன்பு இருந்த இடத்தைப் போல இரண்டு முதல் ஆறு மடங்கு இடம் கேட்கிறது. அந்த இடத்தைச் சீமெந்தை உடைத்துத்தான் எடுத்துக்கொள்கிறது.

சிலை வைக்கத் தீர்மானிக்கும் கூட்டங்களில் யாருடைய சிலை, எங்கே வைப்பது, திறந்துவைக்க யாரை அழைப்பது என்றெல்லாம் மணிக்கணக்கில் பேசுவார்கள். எதனால் செய்வது என்ற பேச்சு கடைசி ஐந்து நிமிடத்தில், ‘எவ்வளவு முடியும்’ என்ற கேள்வியாக வந்து போகும். அந்த ஐந்து நிமிடத்தில்தான் சிலையின் ஆயுள் முடிவாகிறது. ஆகவே கீழே ஒவ்வொரு பொருளையும் மூன்று கேள்விகளை வைத்துப் பார்க்கிறோம். உள்ளே இரும்பு இருக்கிறதா? விழுகிற தண்ணீர் எங்கே போகும்? பழுதானால் பக்கத்தில் இருப்பவர்களில் யார் திருத்துவார்?

கொழும்பின் காற்றைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்துக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீற்றர் மழை பெய்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் ஓர் உச்சம், ஒக்டோபர், நவம்பரில் இன்னொன்று. தென்மேற்குப் பருவக்காற்று கடலுப்பை நேரே ஊருக்குள் கொண்டுவரும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொள்ளுப்பிட்டியில் காலி வீதியை ஒட்டிய பாடசாலைகளுக்குக் கடல் சில நூறு மீற்றர்தான். கொட்டாஞ்சேனைக்குத் துறைமுகம் பக்கத்தில். மழை நேரடியாகப் படும் பக்கத்தில் உப்பு கழுவப்பட்டுவிடும். நாடிக்குக் கீழே, அக்குளுக்குள், பீடத்தின் விளிம்புக்கு அடியில் அது தங்கி, ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு வேலை செய்யும். பழுது பார்க்கப் போகிறவர்கள் முதலில் குனிந்து பார்க்க வேண்டியது அந்த இடங்களைத்தான்.

சீமெந்துச் சிற்பம்

பெரும்பாலான பாடசாலைகள் இதைத்தான் எடுக்கின்றன. பொருள் மலிவு, மேசன்மார் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறார்கள், எந்த வடிவத்தையும் செய்யலாம், பிள்ளைகளும் கைபோடலாம். ஒழுங்காகச் செய்தால் நல்ல தெரிவு இது. ஒழுங்காகச் செய்வது அரிது.

கோபுரத்துச் சுதைச் சிற்பங்கள் இதே வெயிலிலும் மழையிலும் நிற்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றுக்குப் பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு கும்பாபிஷேகம் இருக்கிறது. சாரம் கட்டி, உடைந்த கையையும் மூக்கையும் திருத்தி, வர்ணம் பூசித்தான் விடுகிறார்கள். பாடசாலைச் சிலைக்கு அப்படி ஒரு நாள் நாட்காட்டியில் கிடையாது. அதிபர் மாறுவார், சங்கத்தின் நிர்வாகக் குழு மாறும், சிலை மட்டும் அங்கேயே நிற்கும்.

வழக்கமாக நடக்கும் பிழை இது. கட்டட வேலைக்கு வாங்கிய சாதாரணக் கம்பியை வளைத்து, அதன்மேல் கோழிக்கூட்டு வலையைச் சுற்றி, சாந்தை அப்புகிறார்கள். கடற்கரைச் சூழலில் சாதாரணக் கம்பிக்கு மேல் 40 முதல் 50 மில்லிமீற்றர் தடிப்பில் கொங்கிரீற்று மூடியிருக்க வேண்டும். ஒரு விரலின் மொத்தத் தடிப்பே 20 மில்லிமீற்றர் என்றால் அது எப்படி முடியும்? ஆகவே விரல், காது, புத்தகத்தின் விளிம்பு, சேலைத் தலைப்பு போன்ற மெல்லிய பகுதிகளுக்குள் சாதாரண இரும்பு போகவே கூடாது.

அதற்குப் பதிலாக உப்புக் காற்றைத் தாங்கும் 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பியை வைத்தால் விலை ஏறுமே என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒன்றரை மீற்றர் உயரமான உருவத்துக்கு 10 மில்லிமீற்றர் கம்பி சுமார் 12 மீற்றர் போகும். மீற்றருக்கு 620 கிராம் என்று வைத்தால் மொத்தம் ஏழரைக் கிலோ. சிற்பியின் கூலி, பீடம், திறப்பு விழாச் சாப்பாடு எல்லாவற்றோடும் ஒப்பிட்டால் இந்த ஏழரைக் கிலோவுக்கான மேலதிகச் செலவு சிறியது. சிலையின் ஆயுளை இவ்வளவு குறைந்த காசில் இவ்வளவு நீட்டும் வேறு எதுவும் இந்த வேலையில் இல்லை. வலையும் அதே உலோகமாக இருக்கட்டும், அல்லது காரத்தைத் தாங்கும் கண்ணாடி இழை வலையாக இருக்கட்டும். ஸ்டெயின்லெஸ் கம்பியில் கல்வனைஸ் வலையைக் கட்டினால் இரண்டு உலோகமும் தொட்டுக்கொண்டிருக்கும் ஈரத்தில் நாகப் பூச்சுத்தான் முதலில் கரையும்.

அளவுகளுக்கு வருவோம். அதே ஒன்றரை மீற்றர் உருவத்தின் மேற்பரப்பு சுமார் 4 சதுர மீற்றர். சாந்துத் தடிப்பு 35 மில்லிமீற்றர் என்றால் 0.14 கன மீற்றர் சாந்து வேண்டும். சீமெந்துக்கு மணல் எடைக்கு எடை 1:2.5, தண்ணீர் சீமெந்தின் எடையில் 0.42 பங்கு. இந்தக் கணக்கில் சீமெந்து 80 கிலோ, மணல் 200 கிலோ, தண்ணீர் 33 லீற்றர் போகும். சிந்துவதையும் சேர்த்து 50 கிலோ மூட்டை இரண்டு போதும். நான்கு அடுக்கு வலைக்கு, ஒன்றின்மேல் ஒன்று ஏறும் விளிம்பையும் சேர்த்து, 18 சதுர மீற்றருக்குச் சற்றுக் கூட வாங்க வேண்டும். தண்ணீரை வாளியில் ஊற்றிக் கண்ணால் மதிப்பிடும் மேசனிடம் அளவுப் பாத்திரத்தைக் கொடுங்கள். சாந்து இறுக்கமாக இருந்து அப்புவது சிரமம் என்றால் அதற்கென்று விற்கும் சேர்மானத்தைக் கலக்கலாம், தண்ணீரைக் கூட்டக் கூடாது. கூடிய தண்ணீர் காய்ந்து போகும்போது விட்டுச்செல்லும் நுண்துளைகள் வழியாகத்தான் பின்னர் உப்பு உள்ளே போகிறது.

மணலில் உப்பு இருக்கிறதா என்று பார்க்கப் பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடமே போதும். 100 கிராம் மணலை 200 மில்லிலீற்றர் காய்ச்சி வடித்த நீரில் கலக்கி, தெளியவிட்டு, வடிகட்டுங்கள். அதில் சில துளி ஐதான நைத்திரிக்கமிலமும் பின்னர் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலும் விடுங்கள். தயிர் போல வெள்ளை திரண்டால் அந்த மணல் வேண்டாம். குழாய்த் தண்ணீரையும் இன்னொரு குழாயில் இதே போலச் சோதித்துப் பக்கத்தில் வைத்தால் ஒப்பிடுவது எளிது. கழுவிய கடல் மணல் சந்தையில் கிடைக்கிறது. கட்டடத்துக்குப் போடுவதும் 35 மில்லிமீற்றர் தடிப்புள்ள சிற்பத்துக்குப் போடுவதும் ஒன்றல்ல, எனவே அதைக் கட்டாயம் சோதியுங்கள். க.பொ.த. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இது நல்லதொரு செய்முறைப் பாடமும்கூட. பாடசாலைக் கிணற்றுத் தண்ணீரையும் சோதியுங்கள். கரையோரக் கிணறுகளில் உவர்ப்பு ஏறியிருப்பது சாதாரணம்.

அப்பி முடித்ததும் ஈரச் சாக்குப் போர்த்தி, மேலே பொலித்தீன் சுற்றி, 14 நாள் நனைத்து வைக்க வேண்டும். வெயிலில் மூன்றாம் நாளே காயவிட்டால் மேல்தோலில் வலைபோல வெடிப்பு விழும். அதைப் பெயின்றால் மூடலாம், சரிசெய்ய முடியாது. பெயின்ற் 28 நாளுக்குப் பிறகுதான். எனாமல் வேண்டாம், ஈரம் வெளியேற வழிவிடும் சிலிக்கேற் வகை வர்ணம் அல்லது நீர்விலக்கிப் பூச்சுத்தான் பொருந்தும். எனாமல் ஈரத்தை உள்ளே பூட்டி வைக்கும். அதோடு பூச்சின்மேல் பூச்சாக ஏறி ஏறிக் கண்ணிமையும் உதட்டு விளிம்பும் மூடிப்போகும். பல பாடசாலைச் சிலைகள் தம் முகத்தை இழந்தது இப்படித்தான்.

பிள்ளைகள் பங்கெடுக்க வேண்டுமென்றால் சீமெந்தின்மேல் மொசைக் பதிப்பதுதான் எங்கள் முதல் விருப்பம். பெயின்ற் தேவையில்லை, நிறம் வெளிறாது, ஒரு துண்டு கழன்றால் ஒரு துண்டை ஒட்டினால் போதும். நிலத்துக்குப் போடும், நீர் உறிஞ்சாத போசிலின் டைல்ஸாக எடுங்கள். குளியலறைச் சுவர் டைல்ஸின் உடல் நீரை உறிஞ்சி விளிம்பில் பாசி பிடிக்கும். உடைத்த ஒவ்வொரு துண்டின் விளிம்பையும் சாணைக்கல்லில் தேய்த்த பிறகே ஒட்ட வேண்டும். இதைப் பொறுமையில்லாமல் விட்டால் திறப்பு விழா அன்றே ஒரு பிள்ளையின் கை கிழியும். இடைவெளிகளை எபொக்சி வகைக் கலவையால் நிரப்பினால் வெள்ளை உப்புப் பூக்காது.

கருங்கல்

உள்ளே இரும்பு இல்லை. பெயின்ற் இல்லை. கறள் இல்லை. கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேஸ்வரர் கோவிலைப் பார்த்தால் போதும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் காலத்தில் கருங்கல்லில் எழுப்பப்பட்டது, துறைமுகத்துக்கு அருகில், நூறு வருடத்துக்கு மேலாக உப்புக் காற்றைத் தாங்கி நிற்கிறது. பராமரிப்பே இல்லாமல் நிற்கக்கூடிய ஒரு பொருளைச் சொல்லுங்கள் என்று கேட்டால் பதில் இதுதான்.

ஆனால் கல்லுக்கு ஒரு நிபந்தனை உண்டு. அழுத்தத்தை அது தாங்கும் அளவில் பத்தில் ஒரு பங்கைக்கூட இழுவையில் தாங்காது. நீட்டிய கை, தனியே நிற்கும் விரல், மெல்லிய கோல் எதுவும் கருங்கல்லில் கூடாது. கைகள் உடலோடு ஒட்டியும் உருவம் மூடிய வடிவிலும் இருக்க வேண்டும். 70 மில்லிமீற்றருக்குக் குறைந்த எந்த நீட்டலையும் கிரிக்கெற் பந்து ஒன்று முடித்துவிடும். புகைப்படத்தைக் கொடுத்து ‘அப்படியே வேண்டும்’ என்று கேட்பவர்களுக்குக் கல் ஏமாற்றத்தைத்தான் தரும். புடைப்புச் சிற்பம், ஓர் எழுத்து, ஒரு விதை, ஒரு விளக்கு, திறந்த ஏடு போன்ற திரண்ட வடிவங்களுக்கு அதைப் போல வேறொன்றில்லை.

கல்லைத் தெரிவு செய்யும்போது சுத்தியலால் தட்டிப் பாருங்கள். மணிபோல ஒலிப்பதையே ஸ்தபதிகள் சிலைக்கு எடுப்பார்கள், மந்தமாக ஒலித்தால் ஒதுக்கிவிடுவார்கள். பிறகு முழுவதும் தண்ணீர் ஊற்றிக் காயவிடுங்கள். மற்ற இடமெல்லாம் காய்ந்த பின்னும் ஒரு கோடு மட்டும் கறுப்பாக ஈரமாக நின்றால் அது வெடிப்பு. இலங்கைக் கற்களில் பல வரி வரியாக இருக்கும். அந்த வரிகள் படுக்கையாக இருக்கும்படி கல்லை நிறுத்த வேண்டும், செங்குத்தாக நிறுத்தினால் தண்ணீர் வரி வழியே இறங்கும்.

எடையை மறந்துவிடாதீர்கள். 60 சென்ரிமீற்றர் சதுரத்தில் 1.8 மீற்றர் உயரக் கல் ஏறத்தாழ 1.75 தொன். பாடசாலைக் கேற்றின் அகலம், உள்ளே வளைவு, மேலே போகும் மின்கம்பி, மாமரக் கிளை, முற்றத்தின் கீழே ஓடும் வடிகான் மூடி எல்லாவற்றையும் அளந்த பிறகே கல்லுக்கு முற்பணம் கொடுக்க வேண்டும். கிரேன் பூட்டிய லொறி உள்ளே வரமுடியாமல் கல் கேற்றடியில் கிடந்தால் ஒரு நாள் கூலி இரு மடங்காகும். வேலையை விடுமுறையில் வையுங்கள். செதுக்குவதைப் பாடசாலைக்குள் செய்ய விடாதீர்கள், கருங்கல் தூசியிலுள்ள சிலிக்கா நுரையீரலுக்குக் கேடு. பீடத்தோடு பொருத்த 20 மில்லிமீற்றர் விட்டத்தில், 30 சென்ரிமீற்றர் நீளத்தில், 316 ஸ்டெயின்லெஸ் முளைகள் இரண்டு போதும். அந்த இடத்தில் இரும்புக் கம்பியை வைத்தால் சீமெந்தில் நடப்பதே கல்லிலும் நடக்கும். கறள் ஊதிக் கருங்கல்லையும் பிளக்கும்.

மாபிள் பற்றிக் கேட்பார்கள். வெளியில் வேண்டாம். மழையிலுள்ள அமிலம் அதன் மேற்பரப்பைத் தின்னும், நுண்துளைகளில் கறுப்புப் பாசி இறங்கும், தேய்த்து வெள்ளையாக்கத் தேய்த்து மூக்கு மழுங்கும். மண்டபத்துக்குள் வைப்பதானால் தாராளமாக.

வெண்கலம்

ஒருவருடைய முகத்தை அச்சொட்டாக, நூறு வருடத்துக்கு, வெளியில் வைக்க வேண்டுமென்றால் வெண்கலம்தான். கொழும்பு தேசிய நூதனசாலையில் பொலன்னறுவையின் நடராசரைப் பார்த்தவர்களுக்கு இந்த உலோகத்தால் எதைச் செய்யலாம் என்று சொல்லத் தேவையில்லை. கோவில் மூர்த்திகளைக் கனமாக வார்ப்பார்கள், பாடசாலைக்கு வைக்கும் பெரிய சிலையை உள்ளே வெறுமையாக, 5 முதல் 6 மில்லிமீற்றர் சுவரோடு வார்ப்பார்கள். மார்பளவுச் சிலையொன்றின் மேற்பரப்பு 0.9 சதுர மீற்றர் என்றால் 40 கிலோ உலோகம். ஆளுயரச் சிலைக்கு சுமார் 160 கிலோ. வார்க்கும்போது ஓடைகளில் நிற்கும் உலோகத்துக்கும் சேர்த்து உருக்க வேண்டும். செம்பின் விலை டொலரோடு ஏறி இறங்கும், எனவே ஆறு மாதத்துக்கு முந்திய விலைக்கோரலை நம்பி நிதி சேர்க்காதீர்கள்.

எழுத்தில் கேட்க வேண்டியது கலவை. ‘வெண்கலம்’ என்று சொல்லிப் பழைய பித்தளைக் குழாய்களை உருக்கி வார்ப்பதுண்டு. பித்தளையில் நாகம் அதிகம். உப்புக் காற்று நாகத்தைக் கரைத்தெடுத்துவிட்டு, சிவந்த, பொரிந்த, வலுவில்லாத செம்பை விட்டுவைக்கும். செம்பு 85, வெள்ளீயம் 5, ஈயம் 5, நாகம் 5 என்பது உலகெங்கும் பழக்கத்திலுள்ள வார்ப்புக் கலவை. பிள்ளைகள் தொட்டு விளையாடும் உயரத்தில் வைப்பதானால் ஈயமில்லாத சிலிக்கன் வெண்கலத்தைக் கேளுங்கள், அதில் செம்பு 95 வீதத்தை ஒட்டி, சிலிக்கன் 4 வீதத்தை ஒட்டி இருக்கும்.

வார்ப்பு முடிந்ததும் உள்ளே கையை விட்டுப் பாருங்கள். அச்சின் உட்கருவான மண்ணை முழுவதும் எடுக்காமல் விட்டால் அது ஈரத்தையும் உப்பையும் பிடித்துக்கொண்டு உள்ளிருந்து தின்னும். கருவை நிறுத்திப் பிடிக்க வைத்த இரும்பு ஆணிகள் எடுக்கப்பட்டு, அந்த ஓட்டைகள் அதே உலோகத்தால் அடைக்கப்பட வேண்டும். ஓர் ஆணி தங்கினால் ஐந்தாம் வருடம் சிலையின் நெஞ்சில் ஒரு பழுப்புப் பொட்டு வரும். உள்ளே நிறுத்தும் சட்டமும் போல்ற்றுகளும் ஸ்டெயின்லெஸ்ஸாக இருக்கட்டும், வெண்கலத்தைத் தொடும் இடத்தில் நைலோன் வளையம் வேண்டும்.

பராமரிப்பு எளிது, ஆனால் தவறக் கூடாது. வருடத்துக்கு இரண்டு தரம் குழாய்த் தண்ணீரிலும் மென்மையான சவர்க்காரத்திலும் கழுவி, காயவிட்டு, மெழுகு பூசித் துணியால் தேய்க்க வேண்டும். காகத்தின் எச்சத்தை அன்றன்றே கழுவுங்கள், அது நிறப்பூச்சை அரிக்கும். ‘பிறாசோ’ போட்டு மினுக்க விடாதீர்கள், சிற்பி ஏற்றிய நிறம் ஒரே காலையில் போய்விடும். வெளிர்ப்பச்சைப் பொடி புள்ளி புள்ளியாகக் கிளம்பினால் அது உப்பின் வேலை, மெழுகு பூசி மூடாமல் தெரிந்தவரை அழைக்க வேண்டும்.

வெண்கலத்தின் உண்மையான எதிரி திருட்டு. பழைய உலோகத்துக்கு விலை இருக்கும்வரை பெயர்த்தெடுக்க ஆள் இருக்கும். போல்ற்றுத் தலைகள் வெளியே தெரியக் கூடாது. இரவில் விளக்கும் காவலாளியின் பார்வையும் படும் இடத்தில் வையுங்கள்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மற்றவையும்

நவீன வடிவங்களுக்கு ஸ்டெயின்லெஸ் நல்லது. ஆனால் அலையடிக்கும் கரையிலிருந்து 5 கிலோமீற்றருக்குள் 304 ரகம் பழுப்புப் படிந்து அசிங்கமாகும், 2 முதல் 3 வீதம் மொலிப்டினம் கலந்த 316 வேண்டும். அந்த 5 கிலோமீற்றருக்குள் பொரளைகூட அடங்கும். காந்தம் வைத்துப் பார்த்து இரண்டையும் பிரித்தறிய முடியாது. மொலிப்டினத்தைக் காட்டும் சோதனைத் திரவம் உண்டு, ஒட்டுப் பட்டறையில் கண்முன் ஒரு துளி விட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெல்டிங் பக்கத்தில் வரும் நீல, பழுப்பு நிறத்தை அமிலப் பசையால் எடுக்காமல் விட்டால் கறள் அங்கேதான் தொடங்கும். சாதாரண இரும்பைத் தேய்த்த அதே சாணைத் தட்டால் இதைத் தேய்த்தாலும் அப்படியே. உட்குழிவான கண்ணாடி மினுக்கு வேண்டாம், மத்தியான வெயிலை ஒரு புள்ளியில் குவித்துச் சுடும்.

சாதாரண உருக்கை நாகத்தில் தோய்த்தெடுத்துப் பெயின்ற் அடிக்கலாம் என்பார்கள். 6 மில்லிமீற்றருக்கு மேற்பட்ட தகட்டில் நாகப் பூச்சு சராசரி 85 மைக்ரோன். கடலோரக் காற்று வருடத்துக்கு 4 முதல் 8 மைக்ரோன் வரை தின்னும் என்றால் 10 முதல் 20 வருடம். அதுவரைக்கும் போதுமென்றால் செய்யுங்கள். தானே கறள் போர்த்திக்கொள்ளும் கோட்டன் உருக்கு உலர்ந்த நாடுகளுக்குப் பொருந்தும். உப்புக் காற்றில் அந்தப் போர்வை இறுகாது, பீடமும் தரையும் சிவக்கும்.

பைபர்கிளாஸ் இலேசானது, வேகமானது. வெயிலில் மேற்பூச்சு மாவாகும், பந்து பட்டால் நட்சத்திரம் போல வெடிக்கும். வெண்கல நிறமடித்து நிறுத்திய பைபர்கிளாஸை வெண்கலம் என்று கல்வெட்டில் எழுதுவது பின்வரும் பிள்ளைகளுக்குச் செய்யும் துரோகம். கூரைக்குக் கீழே வைப்பதானால் மட்டும் யோசிக்கலாம். மரத்தைச் சொல்லவே வேண்டாம், கறையான் இருக்கிறது.

தண்ணீரும் பிள்ளைகளும்

கொழும்பில் எந்தப் பொருளானாலும் இதில் தப்ப முடியாது. டெங்கு நுளம்பு ஒரு தேக்கரண்டித் தண்ணீரிலும் முட்டையிடும், ஒரு வாரம் முதல் பத்து நாளில் வளர்ந்து பறக்கும். மடியில் விரித்த புத்தகம், குவித்த உள்ளங்கை, தலைப்பாகையின் மடிப்பு, தாமரை இதழ், பீடத்தின் மேல் விளிம்பு எல்லாமே கிண்ணங்கள். சிறு மாதிரியைச் செய்துகாட்டும் நாளிலேயே அதன்மேல் ஒரு கோப்பை தண்ணீரை ஊற்றிப் பாருங்கள். எங்கே தேங்குகிறதோ அங்கே சாய்வு வேண்டும், சாய்க்க முடியாவிட்டால் ஓட்டை வேண்டும்.

ஓட்டையின் அளவிலும் ஒரு சிக்கல் உண்டு. 8 முதல் 25 மில்லிமீற்றர் வரையான துவாரத்தில் பிள்ளையின் விரல் சிக்கும். 8க்குக் குறைந்தால் ஓர் இலை விழுந்தால் அடைபடும். எனவே 30 மில்லிமீற்றரில் துளைத்து, உள்ளே ஸ்டெயின்லெஸ் வலைத் துண்டொன்றை வைப்பது நல்லது, அல்லது கை எட்டாத அடிப்பக்கத்தில் விடுங்கள். வெறுமையான சிலைகளுக்கு ஒவ்வொரு அடைத்த அறையின் அடியிலும் ஒன்று கட்டாயம். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் டோர்ச்சோடு வந்து பார்க்கும்போது பதில் சொல்லப்போவது சிற்பியல்ல, அதிபர்தான்.

தலைக்கும் இப்படி ஒரு கணக்கு உண்டு. 89 முதல் 230 மில்லிமீற்றர் வரையான இடைவெளி எங்கும் இருக்கக் கூடாது, உடல் புகுந்து தலை சிக்கும் அளவு அது. ஏறக்கூடாது என்று எழுதி வைத்தால் ஏறாமல் இருக்கமாட்டார்கள். ஏறுவார்கள் என்றே எண்ணி, காலூன்ற இடமில்லாமல் பீடத்தைச் செங்குத்தாக வழவழப்பாகச் செய்யுங்கள், அல்லது முழங்கால் உயரத்துக்கு மேற்படாமல், அமரக்கூடிய ஒன்றாகவே சிற்பத்தை யோசியுங்கள். உயரமான உலோகச் சிற்பத்துக்கு இடிதாங்கி நில இணைப்பு வேண்டும், ஒக்டோபர் மாலைகளில் இடி எங்கே விழும் என்று சொல்ல முடியாது.

அத்திவாரத்தை நீட்டி எழுத வேண்டியதில்லை. கபுக் எனப்படும் இறுகிய செம்மண்ணில் 1.2 மீற்றர் சதுரம், 30 சென்ரிமீற்றர் தடிப்புக் கொங்கிரீற்று, மேலே சொன்ன கல்லையும் சேர்த்து 2.8 தொன்னுக்குச் சற்றுக் குறைவு. சதுர மீற்றருக்கு இரண்டு தொன்கூட வராது, மண் தாராளமாகத் தாங்கும். பிரச்சினை வருவது சதுப்பை மண்போட்டு நிரப்பிய வளவுகளில். அங்கே எடையைவிடச் சமனில்லாத தாழ்வுதான் ஆபத்து, ஐந்து வருடத்தில் சிலை ஒரு பக்கம் சாயும். ஒரு மீற்றர் ஆழத்துக்குக் குழி வெட்டிப் பாருங்கள். கறுப்புச் சேறோ கட்டட உடைசலோ வந்தால் கட்டமைப்புப் பொறியியலாளரை அழைக்காமல் முன்னே போகாதீர்கள்.

எந்தப் பாடசாலைக்கு எது

தாபகரின் முகம் வேண்டும், காசும் உண்டு, காவலும் உண்டு என்றால் மார்பளவு வெண்கலம், கருங்கல் பீடத்தில். காசு பாதிதான் இருக்கிறதென்றால் ஆளுயரச் சீமெந்துச் சிலைக்குப் போகாமல் ஒரு சதுர மீற்றர் கருங்கல் புடைப்புச் சிற்பத்துக்குப் போங்கள். நல்ல பொருளில் சிறியது, பலவீனமான பொருளில் பெரியதைவிட எப்போதும் மேல். இதில் எங்களுக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்கான முற்றம் என்றால் ஸ்டெயின்லெஸ் கம்பியும் மொசைக்கும் கொண்ட தாழ்ந்த சீமெந்து இருக்கைச் சிற்பம். அதைப் பக்கத்து மேசனே ஒரு பின்னேரத்தில் திருத்துவார். யாரும் கவனிக்கமாட்டார்கள் என்று நேர்மையாக ஒப்புக்கொள்ளக்கூடிய சூழலென்றால் கருங்கல், வேறு பேச்சில்லை.

அரச பாடசாலையானால் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்தின் தீர்மானமும் கல்வி அதிகாரிகளின் எழுத்து அனுமதியும் கைக்கு வந்த பின்பே முற்பணம் கொடுங்கள். சிற்பியோடு எழுதும் ஒப்பந்தத்தில் உலோகக் கலவை, கம்பி ரகம், சாந்து விகிதம், அச்சு யாருக்குச் சொந்தம் எல்லாம் இருக்கட்டும். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டப்படி படைப்பைச் சிதைப்பதை எதிர்க்கும் உரிமை சிற்பிக்கு உண்டு. நிறம் மாற்றுவது, இடம் மாற்றுவது, திருத்துவது பற்றி இருவரும் முன்பே பேசி எழுதிக்கொண்டால் பிறகு மனவருத்தம் வராது.

பெயர்ப்பலகையைப் பித்தளையில் செய்யாதீர்கள், சிலைக்கு முன்னே அது காணாமற்போகும். கருங்கல்லிலேயே வெட்டுங்கள். தமிழ் எழுத்தின் உயரம் 30 மில்லிமீற்றருக்குக் குறைந்தால் மெய்யெழுத்தின் புள்ளி தெறித்துவிடும், ‘ணூ’, ‘லூ’ போன்றவற்றின் சுழிகளுக்கிடையே கல் நிற்காது. வெட்டக் கொடுக்கும் முன் தமிழ் ஆசிரியர் ஒருவர் அச்சுப்பிரதியில் எழுத்தெழுத்தாகப் பார்த்துக் கையெழுத்து வைக்கட்டும். கணினியில் எழுத்துரு மாறும்போது கொம்பும் புள்ளியும் இடம்மாறி நிற்பது அடிக்கடி நடக்கிறது, கல்லில் வெட்டிய பிறகு அதை அழிக்க முடியாது.

கடைசிக் கொடுப்பனவில் பத்து வீதத்தை ஒக்டோபர், நவம்பர் மழை முடியும்வரை நிறுத்தி வையுங்கள். முதல் பெருமழை பெய்த மறுநாள் காலை, வெயில் ஏறுமுன், சிற்பியையும் அழைத்துக்கொண்டு ஏணியோடும் டோர்ச்சோடும் சிலையைச் சுற்றி வாருங்கள். நாடிக்குக் கீழே, மடியில், பீடத்தின் பின்புறம் பாருங்கள். தண்ணீர் நிற்கும் இடத்தைச் சோக்கால் வட்டமிட்டு, அன்றைக்கே துளைக்கச் சொல்லுங்கள்.